சுவரில் மாட்டியதும் நோட்டீஸ்தான்

நான் வேலை பார்த்த தொடக்கப்பள்ளியில் இப்போது இருக்கும் சங்கீதா டீச்சர் போன மாதம் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகளுக்கு ஒரு கூட்டம் நடக்கிறதாம். பெற்றோருக்குத் தகவல் தெரிவிப்பது எப்படி என்று நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். முப்பத்தோரு வருடம் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். இடையிடையே பாடமும் நடத்தினேன். பத்து நிமிடத்தில் முடியாது என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க மிஸ், குரூப்புல போட்டுடறேன்" என்றார். குரூப்பில் போடுவதை யாரும் கடைசிவரை படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் விளையாட்டு விழா, கண்காட்சி, செயல்திட்டம் எதுவானாலும் போனில் போய்விடுகிறது. பக்கத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தால் வேலை முடிந்தது என்கிறார்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த காலத்தில் போனும் இல்லை, கோடும் இல்லை. பயிற்சியிலும் குழந்தை மனம், கரும்பலகை, பாடக்குறிப்பு எல்லாம் இரண்டு வருடம் சொல்லித்தந்தார்களே தவிர, குழந்தைகளுக்கு வீட்டில் ஆட்கள் இருப்பார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன்.

பள்ளி கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. பாதிப் பிள்ளைகள் குப்பத்திலிருந்து வருவார்கள். அப்பா கடலுக்குப் போவார், அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பார். மீதிப் பிள்ளைகள் ஆட்டோ ஓட்டுபவர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைச் சேர்ந்தவர்கள். நான் முதலியார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் தலைமை ஆசிரியையை எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். மதாமுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். குரலே வராவிட்டால் நாங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுவோம். ஒரு காரியம் அவருக்குப் பிடித்த மாதிரி முடிந்தால் பிரெஞ்சில் "வொலா" என்பார். நான் சேர்ந்து முதல் இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை இரண்டு முறை கேட்டேன். அதில் ஒன்று மின்விசிறி பழுது பார்க்க வந்தவருக்கு.

ஒரு நாள் மதாம், "இனிமே வீட்டுக்குப் போற நோட்டீஸ் எல்லாம் ஒரே ஆளு எழுதணும்" என்றார். மற்ற ஆசிரியைகள் என்னைவிடச் சுறுசுறுப்பாக அறையை விட்டுப் போய்விட்டதால் அந்த ஒரே ஆள் நானானேன்.

நோட்டீஸ் தயாராகும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போய் மதாம் மேசைக்கு முன்னால் நிற்பேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமலே, "யாருக்கு?" என்பார்.

"பெற்றோர்களுக்கு மதாம்."

"பெற்றோருன்னு இந்தத் தெருவுல யாரும் இல்ல. யாருக்கு?"

ஒரு ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். ரெண்டாம் வகுப்பு கோபி அம்மாவுக்கு, என்பது போல. சொன்ன பிறகு, கோபி அம்மா எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார், அவருக்கு யார் படித்துக் காட்டுவார்கள், அன்று என்ன கிழமை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு தாளில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம் முக்கியம். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் காலை பத்து மணிக்கு வர மாட்டார்கள். ஒன்றரை மணி வரை நடக்கும் என்று தெரிந்தால் ஓடி வந்து கடைசியில் எட்டிப் பார்ப்பார்கள். 'சீரும் சிறப்புமாக', 'தவறாது' போன்ற சொற்களைக் கேட்காமலே அடிப்பார். "தவறாதுன்னு போட்டா தவறாம வந்துடுவாங்களா?" என்பார்.

அதற்கப்புறம்தான் உண்மையான பரீட்சை. மதிய உணவு பரிமாறும் பச்சையம்மாளைக் கூப்பிடுவார். பச்சையம்மாள் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் இருந்தாலும் படிக்கத் தெரியாது. நான் நோட்டீசை ஒரே ஒரு முறை வாசிக்க வேண்டும். பச்சையம்மாள் தனக்கு என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்வார். மாற்றிச் சொன்னால் தப்பு என்னுடையது. நான் முறைத்துப் பார்த்தாலும் பச்சையம்மாள் எனக்காக ஒரு சொல்லைக்கூடத் திருத்திச் சொன்னதில்லை. பாஸானால் எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளைகள் நோட்டில் ஒட்டி அனுப்புவோம். மறுநாள் வீட்டுக் கையெழுத்தோடு வர வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி நான் தப்பு செய்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் விதை முளைக்கவைக்கும் செயல்திட்டம். ஒரு டம்ளரும் அது நிறைய மண்ணும் கொடுத்தனுப்பும்படி எழுதினேன். எங்கிருந்து என்று எழுதவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் வீட்டு வாசலிலிருந்து அள்ளி வந்தார்கள். அவர்கள் வாசல் என்பது கடற்கரை. ஏழு நாள் கழித்து முளைத்த செடிகளைப் பார்க்க வீட்டாரை அழைத்திருந்தோம். வந்தார்கள். வரிசையாக வைத்திருந்த பதினெட்டு டம்ளர் மணலைப் பொறுமையாகப் பார்த்தார்கள். ஒரு அப்பா மட்டும், "நல்லாத்தான் இருக்குது" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனார். மதாமுக்கு அன்று குரல் வரவில்லை.

இந்த மாதிரித் தப்புகளைச் சொல்லிச் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சங்கீதா கேட்டதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பள்ளியில் இன்னும் யாரோ அதைப் பேசுகிறார்கள் போலிருக்கிறது.

அந்த வருடம் நான் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள். 'எங்கள் வீட்டார் செய்யும் வேலை' என்று ஒரு கண்காட்சி வைத்தோம். அப்பா அல்லது அம்மாவின் போட்டோ ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதை ஒரு சார்ட்டில் ஒட்டி, கீழே பிள்ளை சொல்வதை நான் ஒரு வரி எழுதுவேன். படம் பத்திரமாகத் திருப்பித் தரப்படும் என்று நோட்டீசில் போட்டிருந்தேன். மதாமும் பார்த்தார், பச்சையம்மாளும் பாஸ் செய்தார்.

தேவி என்று ஒரு பெண் குழந்தை. அம்மா அஞ்சலை மார்க்கெட்டில் மீன் விற்பவள். அப்பா ஏழுமலை இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஆசிரியைகள் பேச்சில் அவள் 'அப்பா இல்லாத பொண்ணு'. அம்மா படம் கொண்டுவரலாம் என்று நோட்டீசில் தெளிவாக இருந்தும், தேவி அப்பா படத்தைத்தான் கொண்டுவந்தாள். கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "எங்க அப்பா கடலுக்குப் போயிருக்கார்" என்றாள். அப்படியே எழுதினேன். என் கையால் எழுதிய அந்த வரியை நான் படிக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் கைவேலை வகுப்பில் பிள்ளைகள் கலர் காகிதத்தில் பூச்சரம் செய்திருந்தார்கள். மறுநாள் காலை, "அவங்கவங்க சார்ட்டுல அழகா ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு மதாம் அறைக்குப் போனேன். சார்ட்டின் ஓரத்தில் என்பது என் மனதில் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் போட்டோவையும் பூச்சரத்தையும் சேர்த்துப் பார்த்தது வீட்டுச் சுவரில் இருக்கும் தாத்தா படத்தில்தான். நான் திரும்பி வந்தபோது இருபத்தெட்டுப் படங்களுக்கும் மாலை போட்டு முடித்திருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது.

முதலில் உள்ளே வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் எப்ப போய்ச் சேர்ந்தேன்?" என்றார். பின்னால் வந்த அவர் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, மகனுக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்து, என்னைப் பார்த்த பார்வையில் நான் பெஞ்சு மேல் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு, ஏறியதுதான் ஏறினோம் என்று மாலைகளை எடுக்கத் தொடங்கினேன். "எங்க வூட்டுக்காரர மொதல்ல எடுங்க டீச்சர்", "வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்று கீழே இருந்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் உயிர்ப்பித்துவிட்டேன்.

கடைசியாகத் தேவியின் சார்ட். கையை நீட்டினேன். பிறகு நிறுத்தினேன். இவருக்கு இருப்பது சரிதானே என்று தோன்றியது. எடுத்தால்தான் மரியாதைக் குறைவு என்றுகூட நினைத்தேன். சரம் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நேராக்கி, கூடக் கொஞ்சம் பசை வைத்து அழுத்தினேன். அவசரத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அன்று காலை நான் செய்ததிலேயே நிதானமாகச் செய்த காரியம் அதுதான்.

அஞ்சலை ஒரு மணிக்கு வந்தாள். கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, காலில் மெட்டி. மாதாமாதம் அவள் கையெழுத்தைப் பார்த்த நான் அவளை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தேவி கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படத்தைக் காட்டினாள்.

அஞ்சலை சுவர் முழுவதையும் ஒரு முறை பார்த்தாள். மாலை ஒட்டியிருந்த தடம் எல்லாச் சார்ட்டிலும் இருந்தது.

"எல்லாருக்கும் எடுத்துட்டீங்க போல" என்றாள்.

பிறகு ஏழுமலை படத்தைத் தொட்டாள்.

"இவருக்கு மட்டும் வுட்டு வெச்சிருக்கீங்க."

"இல்லம்மா, அது வந்து..."

"ரெண்டு வருஷமா எங்களுக்கே யாரும் வந்து சொல்லல டீச்சர். உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு எங்கிருந்தோ தகவல் வந்திருக்கிறது, அதைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் அவள் முகத்தில் பயம் இருந்தது. அந்த முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. யாரும் சொல்லலம்மா, நானாத்தான் வெச்சேன் என்றேன். அவள் சரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். நான் வைத்த பசை நல்ல பசை. படத்தில் அவர் தோள்பட்டைப் பக்கம் ஒரு துண்டும் சேர்ந்து வந்துவிட்டது. படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "இனிமே தேவி வராது. டிசி எழுதி வையுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மதாமிடம் நானே போய்ச் சொன்னேன். குரல் இறங்கும் என்று எதிர்பார்த்தேன், சாதாரணமாகத்தான் பேசினார்.

"தப்பான நோட்டீஸ் போனா என்ன செய்வோம்?"

"திருத்த நோட்டீஸ் அனுப்புவோம். ஆனா இது நோட்டீஸ் இல்லியே மதாம்."

"சொவத்துல மாட்டின. வந்தவங்க எல்லாம் படிச்சாங்க. அது நோட்டீஸ்தான். உக்காந்து எழுது."

முதல் தாளில், 'தவறுதலாக நடந்த செயலுக்கு வருந்துகிறோம்' என்று எழுதினேன். 'தவறுதலாக' என்பதை அடித்தார். "யோசிச்சுத்தான செஞ்ச?" வருந்துகிறோம் என்பதையும் அடித்தார். "எத்தன பேரு வருந்துறீங்க?" இரண்டாவது தாளில், தேவியின் தந்தை நலமாகத் திரும்பி வரப் பிரார்த்திப்பதாக எழுதினேன். அதை முழுதாக அடித்தார். "வருவாருன்னு உனக்குத் தெரியுமா? காலையில வரமாட்டாருன்னு சொன்ன, இப்ப வருவாருன்னு சொல்ற. ரெண்டும் உனக்குத் தெரியாது. தெரிஞ்சத மட்டும் எழுது." எனக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்று அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாவது தாளில் நான்கு வரி மிஞ்சியது.

'தேவியின் தந்தை திரு. ஏழுமலை இறந்துவிட்டதாகப் பள்ளிக்கு யாரும் தெரிவிக்கவில்லை. யாரும் தெரிவிக்காத ஒன்றை வகுப்பு ஆசிரியை தானாகச் சுவரில் காட்டினார். அது அவர் செய்த தப்பு. தேவிக்குத் திங்கட்கிழமை வகுப்பு உண்டு.'

பச்சையம்மாளைக் கூப்பிட்டார். வாசித்தேன். பச்சையம்மாள் என்னைப் பார்க்காமல், "டீச்சரம்மா தப்பு பண்ணிட்டாங்க. அவரு செத்தது யாருக்கும் தெரியாது. பொண்ண அனுப்பு" என்றார்.

"செத்ததுன்னு எங்க வருது?" என்றார் மதாம்.

பச்சையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல் வரியை மறுபடி எழுத வேண்டி வந்தது. 'திரு. ஏழுமலையைப் பற்றிப் பள்ளிக்கு எந்தத் தகவலும் வரவில்லை.' இந்த முறை பச்சையம்மாள் சரியாகச் சொன்னார்.

பிள்ளை இனி வராது என்பதால் நோட்டில் ஒட்டியனுப்ப முடியாது. நான் வீட்டில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். மதாம் கூடாது என்று தலையை ஆட்டினார். "எல்லாரும் பாக்குற மாதிரி மாட்டின இல்ல? எல்லாரும் கேக்கப் படி."

சனிக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் விற்கும் பக்கம் எனக்குப் புதிதல்ல. ஆனால் வாங்கப் போவதற்கும் வாசிக்கப் போவதற்கும் வித்தியாசம் இருந்தது. அஞ்சலை சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தாளைப் பிரித்து வாசித்தேன். வகுப்பில் இருபத்தெட்டுப் பேரை அடக்கும் என் குரல் அங்கே எடுபடவில்லை. நடுவில் ஒருவர் என் தோள் மேலால் எட்டி வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெண், "யோவ், சும்மா இருய்யா, டீச்சர் எதுவோ படிக்கிறாங்க" என்று அதட்டினாள்.

"மறுபடி படிங்க. இவங்க யாருக்கும் கேக்கல" என்றாள் அஞ்சலை.

அந்த வரிசையே கத்தியைக் கீழே வைத்தது. மறுபடி வாசித்தேன். 'அது அவர் செய்த தப்பு' என்ற இடத்தில் குரல் மறுபடி தாழ்ந்துவிட்டது. நிறுத்திவிட்டு, முழுக்க முதலிலிருந்து படித்தேன்.

அஞ்சலை புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கை ஈரமா கீது. அந்தப் பையில வைங்க" என்றாள். வைத்தேன். நான் நாலு அடி போன பிறகு கூப்பிட்டாள்.

"திங்கக்கெழம தேவி வரும். ஒண்ணு செய்ங்க டீச்சர். நோட்டீஸ் எல்லாம் இனிமே அவரு பேருக்கே போடுங்க. வூட்டுல ஆளு இருந்தா அவருக்குத்தான போடுவீங்க?"

போட்டேன். அதற்கப்புறம் தேவி நோட்டில் ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் மேலே 'திரு. ஏழுமலை அவர்களுக்கு' என்று கையால் எழுதுவேன். தடுப்பூசி, சுற்றுலா, மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அவரை அழைத்தோம். கீழே அஞ்சலை கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். முதல் தாளை மதாமிடம் காட்டியபோது வழக்கம்போல, "யாருக்கு?" என்றார். சொன்னேன். ஜெராக்ஸுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். பள்ளியில் சிலருக்கு இது விசித்திரமாக இருந்தது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு செய்கிற வேலையை நான் ஒரு முறை செய்துவிட்டேன், இரண்டாவது முறை செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தேவி ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது மதாம் ஓய்வு பெற்றிருந்தார். நோட்டீஸ் மட்டும் என்னிடமே இருந்தது. ஒரு நாள் மதியம் விளையாட்டு விழா நோட்டீசுக்கு ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருந்தேன். அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். வழக்கமாகப் பள்ளியில் நிகழ்ச்சி இருந்தால்தான் வருவாள். உள்ளே வரச் சொன்னேன்.

"உட்காரல டீச்சர். ஒரு தகவல் சொல்ல வந்தேன். வர ஞாயித்துக்கெழம கரையில அவருக்குக் காரியம் வெக்கிறோம்."

எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நின்றேன். "ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?" என்றேன்.

"யாரும் வந்து சொல்லல. யாரும் சொல்ல மாட்டாங்க. நானே எனக்குச் சொல்லிக்கினேன்" என்றாள். "மாமியாருக்கு நேத்து சொன்னேன். தேவிக்குக் காலையில சொன்னேன். அடுத்தது உங்களுக்குத்தான் சொல்லணும்னு வந்தேன்."

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள எத்தனை வருடம் என்று சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, குப்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவள் தன் கணக்கை யாரிடமும் கேட்காமல் முடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழாமல் நிற்கும்போது நான் அழுவது சரியல்ல என்று மேசையைப் பார்த்தேன். மேசை மேல் விளையாட்டு விழா நோட்டீஸ் இருந்தது. மேலே அவர் பெயர் எழுதி மை காயாமல் இருந்தது. கையால் மறைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"குடுங்க" என்று வாங்கி, எழுத்துக் கூட்டி அந்தப் பெயரைப் படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். வேற எழுதுங்க, எனக்கு."

புதுத் தாள் எடுத்து, 'திருமதி அஞ்சலை அவர்களுக்கு' என்று எழுதினேன். நின்றுகொண்டே எழுதியதில் பெயர் கோணலாகிவிட்டது. இரும்மா, வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்று அதைக் கசக்கப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர், படிக்க முடியுது" என்றாள்.